கதிர்காமத்துக்குப் போன வீடு

அம்மா கதிர்காமத்துக்கு பஸ்ஸில் போனார் என்று எங்களூரில் சிலர் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் வாசிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அம்மா பஸ்ஸில் போகவில்லை. தன் வீட்டைக் கொண்டு போனார். அப்பா ஓட்டினார், நான் கூடப் போனேன். எங்கள் மூவரையும் நம்பாதவர்கள் மொனராகலைப் பக்கம் இருக்கிற ஒரு பொலிஸ் சார்ஜனைப் போய்க் கேட்கலாம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு மைல்கல்லில் இருக்கும் இலக்கத்தை வாசிக்கத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. நான் எஸ்.எஸ்.சி. சோதினை எழுதிய வருடம் அம்மா யாரிடமும் சொல்லாமல் ஒரு நேர்த்தி வைத்திருக்கிறார். மகன் பாஸ் பண்ணினால் கதிர்காமத்துக்கு நடந்து வருவேன் என்பதுதான் அது. நான் பாஸ் பண்ணினேன். அந்தச் செய்தி வந்த கிழமையே, வயல் வட்டையில் கதிர் அறுக்கிற வெட்டுக்காரருக்குச் சோறு கொண்டு போன அம்மா வரம்பு வழுக்கி விழுந்தார். வலது கணுக்கால் முறிந்தது. நாட்டுப் பரியாரி போட்ட கட்டுக்கு எலும்பு பொருந்தத்தான் செய்தது. ஆனால் பாதம் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டே பொருந்தியது.

கதிர்காமத் திருவிழா வருகிற ஆடி மாதங்கள் இரண்டு அப்படியே போயின. மூன்றாவது வருடம் அம்மா தடியை ஊன்றிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனார். பெரியப்பா என்றால் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன். எங்களூரிலிருந்து வருடாவருடம் கதிர்காமத்துக்கு நடந்து போகிற கூட்டத்துக்கு அவர்தான் வேல் தூக்கி முன்னால் போகிறவர். கடற்கரையோடு பொத்துவில், அங்கிருந்து உகந்தை, பிறகு குமண, யால என்று காட்டுக்குள்ளால் போகிற வழி அவருக்குக் கைரேகை மாதிரி. முற்றத்தில் ஏழெட்டுப் பேர் இருந்து மூட்டை கட்டுகிற விஷயம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தான், இந்த வரிசம் நானும் வாறன்," என்றார் அம்மா.

பெரியப்பா அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"இந்தக் காலோட காட்டுக்க வந்தா உன்ன ஆரு புள்ள தூக்குற? தண்ணி இல்லாத இடத்தில நீ ஒரு நாள் பிந்தினா பின்னால வாற இருவது பேரும் சாகிறதா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதை நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

"உன்ட தங்கச்சிய அனுப்பு. ஆள் மாறி நடந்தாலும் நேர்த்தி தீரும்."

"நேந்தது என்ட வாய். நடக்கிறது அவளுட காலா?"

முற்றத்தில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. "அப்ப பஸ்ஸில போ. ஆரு வேணாம் எண்டது? ஆனா போயிற்று வந்து நேர்த்தி தீந்த எண்டு மட்டும் இந்த ஊருக்க சொல்லாத. பஸ்ஸுச் சில்லில போற நேர்த்தி சேராது," என்றார்.

அம்மா திரும்பி வந்து குசினிக்குள் இருந்துகொண்டார். படித்தவன் என்ற முறையில் நான் ஆறுதல் சொல்லப் போனேன்.

"அம்மா, உண்மையச் சொன்னா, நான் படிச்சுத்தானே பாஸ் பண்ணினன்? நீங்க நேந்ததுக்காக இல்லையே."

"படிச்சது நீதான் மனே. ஆரு இல்லையெண்டது? ஆனா விடிய விடிய இருந்து பயந்தது நான். அந்தப் பயத்தக் கொண்டு போய் நான் ஒருத்தருக்கிட்டக் குடுத்திற்றன். அவர் வாங்கிற்றார். இப்ப போகாட்டி நான் கள்ளி."

நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன்.

அப்பாதான் வழி சொன்னார். அப்பா முன்பு ஒரு முதலாளியின் பஸ் ஓட்டியவர். மட்டக்களப்புக்கும் வாழைச்சேனைக்கும் இடையில் பதினைந்து வருடம். அரசாங்கம் பஸ்களை எடுத்துக்கொண்டபோது பலகையால் கட்டிய இவருடைய பஸ்ஸை மட்டும் பழசு என்று விட்டுவிட்டுப் போனார்கள். இரும்புக்காரனுக்குக் கொடுக்கிறதைவிட ஓட்டினவனே வைத்துக்கொள்ளட்டும் என்று முதலாளி அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அப்பா அரிசி ஆலை லொறி ஓட்டப் போனார். பஸ் எங்கள் வளவின் பின்னால், வாவிப் பக்கம் பார்த்தபடி நின்றது. கோழிகள் அதற்குள் முட்டையிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அதன் எஞ்சினைத் துடைத்து, கைபிடி சுற்றி, ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவார். பைத்தியம் என்று ஊர் சொன்னது. சொந்தப் பாவனைக்கு மட்டும் என்று ஒரு கடதாசியும் எடுத்து வைத்திருந்தார். எதற்கு என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

"நேர்த்தி காக்கிற மனிசி கடைச்சோறு தின்ன ஏலா. கண்ட இடத்தில படுக்க ஏலா. அவ்வளவுதானே?" என்றார் அப்பா. "அடுப்பையும் கட்டிலையும் ஏத்துவம். ஏலுமான தூரம் நட. ஏலாத தூரம் ஏறு. ஆரட்டயும் ஒண்டும் கேக்கத் தேவையில்ல."

நானும் அப்பாவும் ஒரு மாதம் வேலை செய்தோம். முன்னால் இரண்டு ஆசனங்களை விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றினோம். ஒரு பக்கம் நீளத்துக்குப் பலகைக் கட்டில். பின் கதவுக்குப் பக்கத்தில் தகரப் பெட்டி ஒன்றைப் பொருத்தி மணல் நிரப்ப, அம்மா அதன்மேல் களிமண்ணால் அடுப்புப் போட்டார். தண்ணீருக்கு ஒரு பீப்பாய். கொண்டக்டர் இழுக்கிற மணிக்கயிறு கூரையோடு அப்படியே இருந்தது. அதைக் கழற்ற அப்பா விடவில்லை. முன்நெற்றியில் 'மட்டக்களப்பு – வாழைச்சேனை' என்று எழுதியிருந்ததையும் சுரண்டவிடவில்லை.

"நாம போறது தெக்குப் பக்கமெல்லா? வாழைச்சேனை வடக்கில," என்றேன்.

"வாசிக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். மத்தவனுக்கு என்ன?" என்றார் அப்பா.

பெரியப்பாவின் கூட்டம் புறப்பட்டு இரண்டு கிழமைக்குப் பிறகு நாங்கள் புறப்பட்டோம். ரோட்டோரத்தில் ஊரே நின்றது. "என்ன காணும், வீட்டப் பேத்துக்கிட்டு ஓடுறீங்க? ஆருக்குப் பயம்?" என்று ஒருவர் கேட்டார். "கோழியளுக்கு டிக்கெட் போட்டாச்சா?" என்றார் இன்னொருவர். அம்மா கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். கையை உயர்த்தி மணிக்கயிற்றை இரண்டு தரம் இழுத்தார். இரண்டு மணி என்றால் போகலாம் என்று அர்த்தம். அப்பா, பதினைந்து வருடப் பழக்கத்தில், திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸை எடுத்தார்.

அந்தப் பயணத்தின் ஒழுங்கை அம்மாதான் வைத்தார். விடிந்ததும் ஒரு மைல்கல்லில் இறங்கி அடுத்த மைல்கல் வரைக்கும் நடப்பார். பொழுதுபடும்போது இன்னொரு மைல். தடியை ஊன்றி, திரும்பிய பாதத்தை ஒரு பக்கமாக வைத்து வைத்து அவர் முன்னால் போக, நான் பத்தடி தள்ளி நடப்பேன். எங்களுக்குப் பின்னால் பஸ் முதலாம் கியரில் முனகிக்கொண்டு, கட்டாத மாடு மாதிரி வரும். கையைப் பிடிக்கப் போனால் தடியால் தட்டிவிடுவார். "உன்ட கையால நடந்தா அது உன்ட நேர்த்தி," என்பார். வலி கூடிய நாட்களில் வாய்க்குள் என்னவோ முணுமுணுப்பார். மந்திரம் என்று நினைத்தேன். கிட்டப் போய்க் கேட்டால், பெரியப்பா சொன்ன வார்த்தைகள். "சில்லில போறது சேராதா... சேராதா..." என்று ஒரு எட்டுக்கு ஒரு தரம்.

மற்ற நேரம் பஸ் ஓடும். ஒரு நாளில் இருபது மைலுக்கு மேல் ஓடினால் ரேடியேற்றர் கொதித்துவிடும். அதனால் எங்களுக்கும் அவசரப்பட வழியில்லை. வலது பக்கத்தில் வாவி கூடவே வந்து, களுவாஞ்சிகுடி தாண்டிய பிறகு ஒரு இடத்தில் சதுப்பும் வயலுமாகிக் காணாமல் போனது. கல்முனையில் மீன் கூடைகளைக் கடந்தபோது அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பாமல் ஓட்டினார். நேர்த்தி காக்கிற வீட்டில் மீன் மச்சம் இல்லை. "கண்ண மூடிக்கிட்டு ஓட்டாதீங்க, ரோட்டப் பாருங்க," என்று அம்மா பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

அக்கரைப்பற்றில் ஆட்கள் பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்தில் அப்பா தன்னை அறியாமல் வேகத்தைக் குறைத்துவிட்டார். கண்மூடித் திறப்பதற்குள் ஒரு வயதான முஸ்லிம் பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பன்புல்லில் இழைத்த ஒரு பாய்ச் சுருளோடு ஏறிவிட்டார்.

"உம்மா, இது பஸ் இல்ல," என்றேன்.

"பஸ் இல்லாம மறுகா என்ன? தோணியா?"

"வீடு."

அவர் உள்ளே பார்த்தார். அடுப்பில் சோறு கொதித்தது. கொடியில் அப்பாவின் சாறன் காய்ந்தது. கட்டிலில் அம்மா காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

"ஓம், வீடுதான்," என்று ஒத்துக்கொண்டார். "அப்ப வீட்டுக்கு வந்த ஆள இரிங்க எண்டு சொல்ல மாட்டிங்களா? எங்கட ஊரில எண்டா தேத்தண்ணியும் குடுப்பம்."

அம்மா சிரித்த சிரிப்பில் எண்ணெய்ச் சிரட்டை கவிழ்ந்தது. "இரிங்க ராத்தா. தேத்தண்ணி ஊத்துறன்."

பொத்துவிலில் அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறக்கிற நாளாம். வழிநெடுகிலும் இருவரும் பிள்ளைப்பேறுகளைப் பற்றிப் பேசினார்கள். அப்பா காதுகள் சிவக்க ஓட்டினார். இறங்கும்போது அவர் பாய்ச் சுருளை அம்மாவின் கட்டிலில் வைத்தார். "வெறும் பலகையில கிடந்தா கால் எப்பிடிக்கா ஆறும்? வச்சிக்க," என்றார். வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு இடம் தரவில்லை, இறங்கிப் போய்விட்டார்.

பொத்துவிலில் வழி பிரிகிறது. நடக்கிறவர்கள் தெற்கே காட்டுக்குள் போவார்கள். வண்டி ரோட்டு மேற்கே மலைப் பக்கம் போகிறது. அந்தச் சந்தியில் அம்மா ஒரு மணி அடித்தார். பஸ் நின்றது. இறங்கித் தெற்குப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மணலில் நிறையக் காலடிகள் இருந்தன, யாருடையவை என்று யார் சொல்வது? கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "ரெண்டும் அங்கதானே போகுது," என்று சொல்லி ஏறினார். லகுகலையில் யானைக் கூட்டமொன்று குளத்துக்குப் போகும் வரைக்கும் எங்களை மறித்து நின்றது. "இவங்கட்டயும் கடதாசி காட்ட வேணுமாமா?" என்று அப்பா கேட்டார். உண்மையாகக் கடதாசி காட்ட வேண்டிய இடம் அடுத்த நாள் வந்தது.

மொனராகலைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சிறிய சந்தி. பெயர் சொல்ல விரும்பவில்லை. பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் ஒரு சார்ஜன் கையை நீட்டினார். சொந்தப் பஸ்ஸில் ஆட்களை ஏற்றி ஓடுவது அப்போது பெரிய குற்றம். அப்பா கடதாசியைக் காட்டி, சந்தைச் சிங்களத்தில் கதிர்காமம் என்றும் வீடு என்றும் சொன்னார். சார்ஜன் உள்ளே எட்டிப் பார்த்தார், நம்புகிற மாதிரித்தான் இருந்தது. வழியில் யாரையாவது ஏற்றினீர்களா என்று கேட்டார்.

"இல்லை," என்றார் அப்பா.

நான் அப்போது பத்தொன்பது வயதுப் பிள்ளை. சட்டத்தை மதிக்க வேண்டும் என்றும் உண்மை பேச வேண்டும் என்றும் பள்ளிக்கூடத்தில் கற்றுத் தந்ததை எல்லாம் நம்பினவன். அந்தப் படிப்புக்காகத்தானே இந்தப் பயணமே. நான் எழும்பி நின்று இங்கிலீசில் சொன்னேன், ஒரே ஒருவரை ஏற்றினோம், வயதான பெண், காசு ஒன்றும் வாங்கவில்லை, அவராகவே ஒரு பாய் மட்டும் தந்தார் என்று.

சார்ஜன் பாயைப் பார்த்தார். "சொந்தக்காரியா?"

"இல்லை."

"சொந்தம் இல்லாத ஆளை ஏற்றி, ஒரு சாமானும் வாங்கினால் அது பஸ்," என்றார் சார்ஜன். இன்ஸ்பெக்டர் வந்து தீர்ப்புச் சொல்லும் வரைக்கும் வண்டி முற்றத்தில் நிற்க வேண்டும் என்றார். இன்ஸ்பெக்டர் எப்போது வருவார்? நாளை வரலாம், மூன்று நாளிலும் வரலாம்.

திருவிழா முடிகிற தீர்த்தத்துக்கு ஆறு நாள் இருந்தது.

அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நல்லது. "உன்னப் படிப்பிச்சது இதுக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எஞ்சின் மூடியைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டார். நான் அம்மாவிடம் போனேன். எனக்காக வைத்த நேர்த்தியை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்று சொல்ல வந்தேன். அழுகைதான் வந்தது.

"ஏன்டா அழுற? உண்மையத்தானே சொன்னாய். அவருக்கு இது வீடெண்டு தெரியல்ல. தெரியப்படுத்துவம்," என்றார் அம்மா. ஒரு முழுப் படையைப் பார்த்துச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

அடுத்த நாள் விடிய, பொலிஸ் நிலைய முற்றத்தில் அம்மா விளக்குமாறோடு நின்றார். பஸ்ஸைச் சுற்றி முழு இடத்தையும் கூட்டினார். ரோட்டில் சாணி எடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினார். கரைத்துத் தெளித்தார். கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குளித்து, ஈரச்சேலையைப் பொலிஸ் வேலிக் கம்பியில் நீளத்துக்குக் காயப் போட்டார். அடுப்பு மூட்டினார். அந்த ஈர விறகின் புகை நேரே நிலையத்துக்குள் போனது. ஒரு கொன்ஸ்டபிள் இருமிக்கொண்டு வெளியே வந்து, பார்த்துவிட்டு உள்ளே போனான். பிறகு அம்மா தடியை எடுத்து, முற்றத்தின் நாலு மூலையையும் சுற்றித் தன் ஒரு மைலை நடக்கத் தொடங்கினார். மைல்கல் இல்லாததால் எத்தனை சுற்று என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். என் படிப்பால் அன்றைக்குக் கிடைத்த பிரயோசனம் அது ஒன்றுதான்.

சார்ஜன் வந்து நின்று பார்த்தார். "அம்மாவுக்கு என்ன?" என்று என்னிடம் கேட்டார்.

"வீட்டு வேலை," என்றேன்.

முற்றத்துக்குப் பின்னால் சார்ஜனின் குவாட்டர்ஸ். அவர் மனைவி முதல்நாள் ஜன்னலால் பார்த்தார். இரண்டாம் நாள் வேலியருகே வந்து பார்த்தார். மூன்றாம் நாள் காலை கையில் பாதித் தேங்காயோடு வந்து, சிங்களத்தில் என்னவோ கேட்டுக் கையால் துருவிக் காட்டினார். அவருடைய துருவலையின் பல் முறிந்துவிட்டதாம். அம்மாவுக்குச் சிங்களம் ஒரு சொல் தெரியாது. ஆனால் அயல்வீட்டுக்காரி தேங்காயோடு வந்து நின்றால் எதற்கு என்று விளங்க மொழி வேண்டியதில்லை. "ஏறி வா புள்ள, இஞ்ச இரி," என்று துருவலையை எடுத்துப் போட்டார். அந்தப் பெண் எங்கள் அடுப்படியில் துருவலைமேல் இருந்து தேங்காய் துருவினார். அம்மா வெங்காயம் உரித்தார். ஆளுக்கு ஆள் தன் தன் மொழியில் பேசிக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்தது அந்த நேரத்தில்தான்.

அவர் இறங்கினார். வேலியில் சேலையைப் பார்த்தார். சாணி தெளித்த நிலத்தைப் பார்த்துக் கால் வைக்கத் தயங்கினார். பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சார்ஜனைப் பார்த்து, அவருக்கும் எனக்கும் விளங்குகிற இங்கிலீசில் மெதுவாகக் கேட்டார்: "பஸ் ஒன்று பிடித்து வைத்திருக்கிறேன் என்றாயே. அதற்குள் உன் மனைவி என்ன செய்கிறார்?"

சார்ஜன் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார்.

"இந்த வீட்டை என் முற்றத்திலிருந்து எடுத்துப்போகச் சொல்," என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்பா கைபிடி சுற்றுவதற்குள் அம்மா சேலையை எடுத்துவிட்டார். சார்ஜனின் மனைவி துருவிய தேங்காயில் ஒரு பங்கைச் சிரட்டையில் எங்களுக்கு வைத்துவிட்டுத்தான் இறங்கினார். மணி இரண்டு தரம் அடித்தது.

அதற்குப் பிறகு ரேடியேற்றர் கொதித்தால் கொதிக்கட்டும் என்று அப்பா ஓட்டினார். ஆனாலும் காலை மைலையும் பின்னேர மைலையும் அம்மா விடவில்லை. தீர்த்தத்துக்கு முதல்நாள் பின்னேரம் கதிர்காமத்துக்குக் கடைசி மைல்கல்லில் இறங்கினோம். சனம் அடைத்துக்கொண்டு போனது. காவடியும் கர்ப்பூரமும் அரோகராவும். அந்த நெருக்கத்தில் தடிக்கு இடமில்லை. அம்மா தடியை என் கையில் தந்துவிட்டு அது இல்லாமலே நடந்தார். விழுந்துவிடுவார் என்று நான் கையை நீட்டிக்கொண்டே போனேன். ஆற்றங்கரை வரைக்கும் அந்தக் கை சும்மாதான் நீண்டிருந்தது.

அங்கேதான் பெரியப்பாவைக் கண்டோம். கூட்டம் அன்று காலைதான் காட்டுக்குள்ளிருந்து வந்திருந்தது. பெரியப்பா கரையில் இருந்து, வெடித்துச் சீழ் பிடித்த இரண்டு பாதங்களையும் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார். அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"வந்திற்றியா? பஸ்ஸிலதானே?"

"வீட்டோட வந்தன்," என்றார் அம்மா. "உங்கட காலென்ன அத்தான் இப்பிடி? திரும்பிப் போகேக்க ஏலாட்டிச் சொல்லுங்க. எங்கட வீட்டில இடமிரிக்கி."

சுற்றி நின்ற எங்களூர்ச் சனத்துக்கு அதைக் கேட்டுச் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை. அம்மா அதற்குள் ஆற்றில் இறங்கிவிட்டார். முழுகி எழும்பினார். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்த ஒருவர் மாதிரிக் கைகளை உதறிக்கொண்டு வந்தார்.

நடந்து போகிறவர்கள் திரும்பி நடந்து வருவதில்லை. எல்லோரும் பஸ் பிடித்துத்தான் வருவார்கள். திருவிழா முடிந்த சனத்தில் பஸ் பிடிப்பது காடு கடப்பதைவிடப் பெரிய பாடு. மூன்றாம் நாள் பெரியப்பா, இரண்டு பேர் தோளில் கை போட்டபடி எங்கள் பஸ்ஸடிக்கு வந்தார். சிவப்புத் துணியில் சுற்றிய வேல் அக்குளில் இருந்தது. அந்த இருவரோடு சேர்த்து ஒன்பது பேர் கூட வந்தார்கள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். பழைய கதைகளைக் கேட்க அது ஒரு நல்ல நேரம். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "வேல மேல வைங்க, அடுப்படியில படாம. நீங்க கட்டிலில இரிங்க," என்றார்.

அந்தச் சந்தி வந்தபோது சார்ஜன் ரோட்டிலேயே நின்றார். பஸ் நிறைய ஆட்கள். அப்பா திரும்பாமலே என்னிடம், "வாயத் திறந்தாயெண்டா இறக்கி விட்டுட்டுப் போயிருவன்," என்றார்.

ஆனால் சார்ஜன் அப்பாவிடம் வரவேயில்லை. நேரே என் ஜன்னலுக்கு வந்தார். "நீதான் பொய் சொல்லாத ஆள். சொல்லு, இவர்கள் யார்?"

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பெரியப்பா, அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன். மாமி முறையான ஒருவர். மச்சான் முறையில் இருவர். மற்ற ஆறு பேர் எனக்கு என்ன முறை என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை. தேடினால் எங்களூரில் முறை இல்லாத ஆள் கிடையாது. நான் தேடப் போகவில்லை.

"எங்கள் வீட்டு ஆட்கள்," என்றேன்.

அது பொய்யா என்று அதற்குப் பிறகு பல தரம் யோசித்திருக்கிறேன். வெட்கப்பட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

சார்ஜன் உள்ளே தலையை நீட்டினார். பிறகு கட்டிலில் கால் நீட்டி இருந்த பெரியப்பாவிடம், தனக்குத் தெரிந்த இரண்டு தமிழ்ச் சொல்லில் கேட்டார்: "பஸ்? வீடு?"

 பெரியப்பா தன் பாதங்களைப் பார்த்தார். மேலே கட்டியிருந்த வேலைப் பார்த்தார். அடுப்படியில் எங்களுக்கு முதுகு காட்டி இருந்த அம்மாவைப் பார்த்தார்.

"வீடு," என்றார், வாய்க்குள்.

அம்மா திரும்பவில்லை. அகப்பையால் கிண்டிக்கொண்டே சொன்னார்: "சார்ஜனுக்குக் கேக்கல்ல அத்தான். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"வீடு!" என்று கத்தினார் பெரியப்பா. "வீடு! வீடு! போதுமா புள்ள?"

சார்ஜன் சிரித்துவிட்டுக் கையை அசைத்தார். மணி இரண்டு தரம் அடித்தது.

அன்று லகுகலைக் குளத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் படுத்தோம். விடிந்து புறப்பட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் மைல்கல் ஒன்று வந்தது. மணி ஒரு தரம் அடித்தது. அம்மா தடியோடு இறங்கினார்.

"நேர்த்திதான் முடிஞ்சுதே. மறுகா என்னத்துக்கு நடக்கிறாய்?" என்று பெரியப்பா ஜன்னலால் கேட்டார்.

"அது கதிர்காமத்தில இரிக்கிறவருக்கு நடந்தது," என்றார் அம்மா. "இது எனக்கு."

நடந்தார். அன்றைக்கு அவர் வாய் ஒன்றும் முணுமுணுக்கவில்லை. முதலாம் கியரில் பஸ் பின்னால் ஊர்ந்தது. அதற்குள் வேல் தூக்குகிற பெரியப்பாவும் காடு கடந்த ஒன்பது பேரும் இருந்து, முன் கண்ணாடியால் ஒரு கோணல் பாதம் விழுந்து விழுந்து எழும்புவதை ஒரு மைல் தூரத்துக்குப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.  அடுத்த மைல்கல்லில் அம்மா ஏறினார். வியர்வையைத் துடைத்தார். கட்டிலில் இருந்த பெரியப்பாவின் தலைக்கு மேலாகக் கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்து இரண்டு மணி அடித்தார்.